புல்லைப் பார்த்து பயந்த சட்டம்

எங்கட உம்மம்மா காலையில தேத்தண்ணி குடிக்க முதல் வளவைக் கூட்டி முடிச்சிருவா. ஈர்க்கு விளக்குமாறால வேலி வரைக்கும் கூட்டி, வெறும் மணல் தெரிஞ்சாத்தான் அவவுக்கு நிம்மதி. சுத்தத்துக்காகத்தான் என்று கனகாலம் நினைச்சிருந்தேன். ஒருநாள் கேட்டப்போ, "கிடுகு வீட்டுல இருந்த பழக்கம் புள்ள. சருகு கிடந்தா நெருப்பு வாசலுக்கே வந்துரும்" என்றா.

எத்தாளையில் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கற்பிட்டிக் குடாநாடு மணல் நிலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. சோழகம் வீசுற மாதங்களில் மழை குறைவு, காற்று நிற்காது. புல் காய்ஞ்சு கிடக்கும்போது ஒரு சிகரெட் துண்டு போதும். அப்போ, பத்தை மண்டின காணியைப் பற்றி எங்கட நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?

சட்டம் இருக்கு, அதுவும் பழைய சட்டம். 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க தொல்லைகள் கட்டளைச் சட்டம். தெருவோரக் காணியில் கெட்ட செடிகொடிகள் மண்டி, அதால மற்றவர்களுக்குத் தொல்லையோ உடல்நலக் கேடோ வந்தால் காணிக்காரர் குற்றவாளி. ஆனா அந்தப் பிரிவு பயப்படுறது நெருப்புக்கு இல்லை, நோய்க்கு. அழுகுற இலைதழையில் இருந்து கிளம்புற கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டு வருது என்று ஐரோப்பிய வைத்தியர்கள் பலர் நம்பின காலம் அது. மலேரியாவைப் பரப்புறது நுளம்பு என்பதை ரொனால்ட் ரொஸ் கண்டுபிடிக்கவே 1897 ஆகிட்டு.

அந்தப் பயமாவது சரியான இடத்தைப் பார்த்ததா? 1934-35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அந்த நுளம்பு பெருகினது பத்தைக்குள்ள இல்லை. மழை பொய்த்து ஆறுகள் வற்றினப்போ தேங்கின தெளிந்த நீரில்தான். பிறகு டெங்கு வந்தது. 2007இல் நுளம்பு பெருகுவதைத் தடுக்க 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வளவைப் பார்க்க வர்றவங்க இன்றைக்கும் முதல்ல தேடுறது சிரட்டையும் டயரும்தான். அது தேவையான வேலை, மறுக்கவில்லை. ஆனா காய்ஞ்ச புல் அந்தக் கண்ணுக்குப் படாது.

நெருப்பைப் பற்றி 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பேசுது. ஆபத்து வரும்படி நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாண்டவருக்குத் தண்டனை உண்டு. அதாவது பற்றவைச்சவரைப் பிடிக்கலாம். எரியுறதுக்கு வருசக்கணக்காகப் புல் வளர்த்து வைச்சவரை?

அந்த வேலையை இங்க விளக்குமாறும் அயலவரின் வாயும்தான் செய்தன. "உங்கட பக்கம் சருகு கூடிட்டு" என்று வேலிக்கு மேலால சொன்னா போதும். இதற்கு ஒரே நிபந்தனை, காணிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கணும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினப்போ, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து கிடுகுக் கொட்டில்களில் நெருக்கமாக வாழ்ந்தன. கொட்டில் அவங்கட, காணி வேற ஆளுட. அயல்காணிப் புல்லை வெட்டச் சொல்ல அவங்களுக்கு எந்த உரிமை இருந்தது? இன்றைக்கு, காணியை வாங்கிப் போட்டுட்டு கொழும்பிலயோ வெளிநாட்டிலயோ இருக்கிறவங்களிடம் வேலிக்கு மேலால பேசவும் முடியாது.

கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயப் பகுதிகளில், வீட்டைச் சுற்றி 100 அடி வரைக்கும் எரியக்கூடியதைக் குறைச்சு வைக்கணும் என்று சட்டமே சொல்லுது. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் சபைகளுக்கு உபவிதி ஆக்கும் அதிகாரம் கொடுக்குது. சோழகத்துக்கு முதல், குடியிருக்கும் வீட்டை ஒட்டின வேலியோரத்தை வெட்டணும். வெட்டாட்டி சபை வெட்டி, செலவைக் காணிக்காரரிடம் அறவிடணும். வெட்டினதை அந்த இடத்திலயே எரிக்கக்கூடாது. இப்படி ஒரு உபவிதியில் 'நெருப்பு' என்ற சொல் எழுதப்பட்டால் போதும்.

வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை, மணலைப் பிடிச்சு வைக்கிறது அந்த வேர்தான். உம்மம்மாவும் பிடுங்கினதில்லை. எங்கட வளவு இன்றைக்கும் சுத்தம். வேலிக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத காணியில், புல் இடுப்பளவு நிக்குது.