நாப்லுஸ்: கணவாய் வளர்த்த சோப்பு நகரம்

மேற்குக் கரையில், ஜெருசலேமுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், எபால் (940 மீட்டர்), கெரிசிம் (881 மீட்டர்) ஆகிய மலைகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கிறது நாப்லுஸ். ஆலிவ் மிகுதியாக விளைந்ததால்தான் இங்கே சோப்புத் தொழில் செழித்தது என்று எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். ஆலிவ் பாலஸ்தீனக் குன்றுகள் பலவற்றிலும் விளைகிறது. நாப்லுஸை உயர்த்தியது அதன் கணவாய்.

நகரம் நீர்பிரி மேட்டில் அமைந்திருக்கிறது. அதன் மேற்கே விழும் மழை மத்தியதரைக் கடலையும், கிழக்கே விழுவது ஃபாரா ஓடை வழியாக ஜோர்தான் ஆற்றையும் நோக்கி ஓடும். மலைநாட்டைக் குறுக்கே கடந்தவர்களுக்கு இந்தக் கணவாய் இயல்பான வழி. கெரிசிமின் வடசரிவு ஊற்றுகளில் தண்ணீரும் கிடைத்தது. கணவாயின் கிழக்கு வாயிலில் விவிலியம் பேசும் சீகேம் இருந்தது. கி.பி. 72இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அதற்குச் சற்று மேற்கே ஃபிளாவியா நியாபொலிஸ் என்ற புது நகரை நிறுவினார். இன்றைய பெயர் அதிலிருந்து வந்ததே. கெரிசிமைப் புனித மலையாகக் கொண்ட சமாரியர்கள், மிகச் சிறிய சமூகமாக, இன்றும் அங்கே வாழ்கிறார்கள்.

1517 முதல் ஒட்டோமான் ஆட்சி. அந்தக் காலத்து நாப்லுஸைப் புரிந்துகொள்ள ஷரியா நீதிமன்றப் பதிவேடுகளே முதன்மைச் சான்று. அவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பெஷாரா டூமானி, 1700–1900 காலத்துப் பாலஸ்தீனம் ஐரோப்பியர் வந்து எழுப்பும்வரை உறங்கிக் கிடந்தது என்ற பழைய கருத்தை ஏற்கவில்லை. சோப்பின் கதையைப் பார்த்தாலே அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும்.

எண்ணெய் சுற்றியிருந்த மலைக் கிராமங்களிலிருந்து வந்தது. காரம் ஜோர்தான் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தது: அங்குள்ள பெதூயின் நாடோடி மக்கள் உவர்ச் செடிகளை எரித்து, சாம்பலை ஒட்டகங்களில் ஏற்றிக் கணவாய்க்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புடன் சேர்த்து அதிலிருந்து காரநீர் இறக்கி, பெரிய செப்புக் கொப்பரையில் எண்ணெயோடு நாள்கணக்கில் காய்ச்சினார்கள். ஒரு கொதிக்கு ஐந்து டன் அளவில் எண்ணெய் வேண்டும். காய்ச்சிய குழம்பை மாடித் தளத்தில் பரப்பி, வில்லைகளாக வெட்டி, முத்திரையிட்டு, காற்றுப் புகும்படி உள்ளீடற்ற கோபுரங்களாக அடுக்கி உலர்த்தினார்கள். கெய்ரோ அதன் பெருஞ்சந்தை.

இவ்வளவு எண்ணெயை வாங்கச் சாதாரண வியாபாரிக்குக் கையிருப்பு போதாது. அறுவடைக்கு முன்பே விவசாயிக்குப் பணம் கொடுத்து, பிறகு குறைந்த விலைக்கு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் 'சலம்' ஒப்பந்தம் இங்கே வேரூன்றியது. மகசூல் பொய்த்தால் கடன் ஏறியது. கடனுக்கு நிலம் போனது. தூகான், நிம்ர், அப்துல் ஹாதி போன்ற குடும்பங்களின் மாளிகைகளைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். 1831–40இல் நடந்த எகிப்திய ஆட்சியையும், கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து 1834இல் வெடித்த கிளர்ச்சியையும் கடந்து இந்தத் தொழில் வளர்ந்தது. நாப்லுஸ் வணிகர்கள் ஜோர்தானுக்குக் கிழக்கே சால்ட் நகரிலும் கடை விரித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் புதிய எல்லைகள் இந்த அமைப்பைக் குலைத்தன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் எகிப்து விதித்த இறக்குமதி வரி பழைய சந்தையைச் சுருக்கியது. 1927 ஜூலை 11 நிலநடுக்கம் பழைய நகரைச் சிதைத்தது. 1948க்குப் பின் ஜோர்தான் ஆட்சி, 1967இல் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பு. கணவாய்ச் சாலைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. 2002 ஏப்ரலில் நடந்த இஸ்ரேலியப் படையெடுப்பில் பழைய நகரின் சோப்புத் தொழிற்சாலைகள் சிலவும் இடிந்தன.

2024 டிசம்பரில் நாப்லுஸ் சோப்புத் தயாரிப்பை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பது தொழிற்சாலைகள் இயங்கிய நகரில், இன்று பழைய முறையில் சோப்புக் காய்ச்சும் இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.