பழைய பித்தளையை எடைக்குப் போடுமுன்...

கொஞ்சம் நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் கென்டர்பரி நகரில் ஒரு சீன வெண்கலப் பாத்திரம் ஏலத்துக்கு வந்தது. மூடியிலும் மூக்கிலும் புலி உருவம் கொண்ட சடங்குப் பாத்திரம். மேற்கு சோவ் மன்னர் காலத்தது, அதாவது 2,700 வருடங்களுக்கும் மேல் பழையது. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொள்ளையடித்தபோது ஒரு பிரித்தானியப் படை அதிகாரி எடுத்துச் சென்றது. சீன அரசு எதிர்ப்புத் தெரிவித்தும் ஏலம் நடந்தது. 410,000 பவுணுக்குப் போனது. வாங்கியவர் பெயரை வெளியிடாமல் அதைச் சீனாவுக்கே கொடுத்துவிட்டார். அந்த வருட முடிவில் பாத்திரம் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தது.

அது எங்கிருந்து வந்தது என்பது எப்படித் தெரிந்தது? எடுத்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை அவருடைய குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. பாத்திரத்தின் கதை அந்தக் காகிதத்தில் இருந்தது.

"சீனாக்காரன் பாத்திரத்துக்கும் நமக்கும் என்ன சேர், சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. சீன வெண்கலப் பாத்திரங்கள் நமது நாட்டுக்கும் வந்தன, அதுவும் காணிக்கையாக.

கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஹாஜி என்றே அறியப்பட்டவர். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கைகளைச் சொல்கிறது. தெனவரை என்பது இன்றைய தெவுந்தர. அங்கே விஷ்ணு கோயில் இருந்தது.

சீனப் பகுதியிலுள்ள பட்டியல் இது: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுத் துணிகள், வெண்கலச் சாம்பிராணிச் சட்டிகள் 5, வெண்கலப் பூச்சாடிகள் 5 சோடி, பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் 5 சோடி, பித்தளை விளக்குகள் 5. மற்ற இரண்டு மொழிகளிலும் ஏறக்குறைய இதே அளவு காணிக்கைகள்தான். மூன்று சமயத்தாருக்கும் கூடக் குறைய இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பாத்திரங்கள் இன்று எங்கே? தெவுந்தர கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்தார்கள். பொன்னும் வெண்கலமும் உருக்கக்கூடியவை, விற்கக்கூடியவை. கல்லை யாரும் வாங்கமாட்டார்கள். அந்தக் கல்லும் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்து 1911இல்தான் கண்டெடுக்கப்பட்டது. எழுத்து மட்டும் மிஞ்சியதால்தான் அந்தக் காணிக்கைப் பட்டியல் நமக்குத் தெரிகிறது.

இனி நமது விஷயத்துக்கு வருகிறேன்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களையே தொல்பொருள் என்று வரையறுத்தது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. நமது மலையக மக்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். அப்படியென்றால், நமது முன்னோர் கடல் கடந்து தூக்கிவந்த செம்பு, குடம், குத்துவிளக்கு எல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேராது. அவற்றைப் பாதுகாக்க நம்மை விட்டால் ஆளில்லை.

லயங்களுக்குப் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் பித்தளையைக் கிலோ கணக்கில்தான் எடுப்பார்கள். பாத்திரத்தின் கழுத்தில் வெட்டியிருக்கும் பெயருக்கும் ஊருக்கும் தராசில் எடை கிடையாது. ஆனால் பல குடும்பங்களில் பாட்டனாரின் சொந்த ஊரைச் சொல்லும் ஒரே எழுத்து அந்தக் குடத்தின் கழுத்தில்தான் இருக்கிறது. பத்திரம் இல்லை, கடிதம் இல்லை. குடம் உருகினால் ஊரின் பெயரும் போய்விடும்.

கஷ்டத்தில் விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லாத வீட்டில் போய் வரலாறு பேச முடியாது. விற்றாலும் இதை மட்டும் செய்துவிட்டு விற்றுவிடுங்கள்:

1. பாத்திரத்தை நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள்.

2. பெயர் வெட்டியிருந்தால் அப்படியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம்.

3. யார் கொண்டுவந்தது, எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று அம்மாயியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

மண் தோண்டும்போது பழைய சிலையோ பாத்திரமோ கிடைத்தால் அது வேறு விஷயம். அதை விற்க வேண்டாம். கிராம சேவகருக்கோ தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள்.

உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பாத்திரம் இருந்தால் கீழே அந்தப் பெயரையும் ஊரையும் எழுதிப் போடுங்கள். அதே ஊர்க்காரர் இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கக்கூடும்.