177 பவுண்டு நஷ்டம்!

முதலில் ஒரு வரவு - செலவுக் கணக்கைப் பாருங்கள்.

வரவு: பிணங்களையும் நோயாளிகளின் படுக்கைகளையும் புதைத்ததற்குக் கிடைத்த கூலி, 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். செலவு: சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு, ஐந்து கூலியாட்களின் சம்பளம் 378 பவுண்டு. ஆகமொத்தம் 411. நஷ்டம்: 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ்.

1794-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் அச்சான ஒரு சிறு புத்தகத்தில் இருக்கும் கணக்கு இது. எழுதியவர்கள் அடிமைகளாகப் பிறந்த இரண்டு கறுப்பர்கள். அவர்கள் எதற்காக இப்படிப் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்ட வேண்டி வந்தது? அதுதான் கதை.

ஒருவர் பெயர் ரிச்சர்ட் ஆலன். மரம் அறுத்து, செங்கல் சூளையில் வேலை பார்த்துச் சம்பாதித்த காசை எஜமானரிடம் கட்டி, தன்னைத்தானே விலைக்கு வாங்கிக்கொண்டவர். இன்னொருவர் அப்சலோம் ஜோன்ஸ். இவர் முதலில் வாங்கியது தன் மனைவியின் விடுதலையை! காரணம் இருக்கிறது. தாய் அடிமை என்றால் பிறக்கிற பிள்ளையும் அடிமை. அதுதான் அன்றைய சட்டம். தனக்கான விடுதலை அவருக்கு 1784-ல்தான் கிடைத்தது.

1787-ல் இருவரும் சேர்ந்து 'ஃப்ரீ ஆஃப்ரிக்கன் சொசைட்டி' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு ஷில்லிங் சந்தா. கட்டியவர் நொடித்துப்போனால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் உதவி. விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் ஆதரவு. ஜெபத்தோடு சேர்ந்தே பிறந்தது இந்தப் பண விவகாரம்.

இருவரும் போய்க்கொண்டிருந்தது செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் சர்ச்சுக்கு. அங்கே புதிதாக மேல்மாடம் கட்டியபோது கறுப்பர்களும் தாராளமாகப் பணம் கொடுத்திருந்தார்கள். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் முழந்தாளிட்டு ஜெபம் செய்துகொண்டிருக்கிறார்கள். சர்ச் நிர்வாகி ஒருவர் வந்து, 'நீ இந்த இடத்தில் இருக்கக் கூடாது' என்று ஜோன்ஸைப் பிடித்துத் தூக்குகிறார். ஜெபம் முடிகிறவரை பொறுக்கும்படி கேட்கிறார் ஜோன்ஸ். ம்ஹூம்... இன்னொரு ஆளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு இழுக்கிறார் அந்த நிர்வாகி. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் அத்தனை பேரும் எழுந்து மொத்தமாக வெளியே நடந்தார்கள். திரும்பிப் போகவே இல்லை.

அவமானப்பட்டவர்களைத் தேடி ஊரே வர வேண்டிய நாளும் வந்தது.

1793 ஆகஸ்ட். ஃபிலடெல்ஃபியாதான் அப்போது அமெரிக்காவின் தலைநகரம். மக்கள்தொகை சுமார் 50,000. மஞ்சள் காய்ச்சல் புகுந்தது. கொசுதான் காரணம் என்பது 1900-ல்தான் நிரூபணமானது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஜனாதிபதி வாஷிங்டன் உட்பட சுமார் 20,000 பேர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். புருஷனை விட்டு மனைவி ஓடினாள். பிள்ளையை விட்டு அப்பா ஓடினார்.

கறுப்பர்களுக்கு இந்த நோய் ஒட்டாது என்று நம்பினார் பிரபல டாக்டர் பெஞ்சமின் ரஷ். அவர்களை உதவிக்கு அழைத்தார். ஆலனும் ஜோன்ஸும் சங்கத்தைக் கூட்டிப் பேசினார்கள். தங்களைத் தரையிலிருந்து பிடித்து இழுத்த ஊர்! ஆனாலும் கடவுள் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில் கிளம்பினார்கள். முதலில் நுழைந்த வீட்டில் மனைவி பிணமாகக் கிடந்தாள். கணவன் இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாதியற்ற இரண்டு குழந்தைகள். அன்று ஒரே நாளில் இருபதுக்கும் அதிகமான குடும்பங்களைப் பார்த்தார்கள். அப்புறம் நர்ஸுகளை ஏற்பாடு செய்தார்கள். பிணங்களைச் சுமந்தார்கள். அன்றைய வைத்திய முறைப்படி, ரஷ் சொல்லிக்கொடுத்தபடி எண்ணூறு பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார்கள்.

நோய் ஒட்டாது என்பது சுத்தப் பொய். முந்தைய வருஷம் ஃபிலடெல்ஃபியாவில் புதைக்கப்பட்ட கறுப்பர்கள் 67 பேர். 1793-ல் 305 பேர். நகரம் முழுக்க அந்தக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்.

குளிர்காலம் வந்தது, காய்ச்சல் அடங்கியது. உடனே மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கொள்ளைநோயைப் பற்றிச் சுடச்சுட ஒரு புத்தகம் போட்டார். நான்கு பதிப்புகள் விற்றது. அதில், கறுப்பின நர்ஸுகள் சிலர் நெருக்கடியைப் பயன்படுத்தி அநியாயக் கூலி கறந்தார்கள், திருடினார்கள் என்று குற்றச்சாட்டு. ஆலனையும் ஜோன்ஸையும் அவர் பாராட்டியிருந்தார், உண்மைதான். ஆனால், தன்னை மட்டும் நல்லவன் என்று சொல்லி, கூட உழைத்தவர்களைத் திருடர்கள் என்றால் அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கணக்கு! கூலியை ஏற்றியது நர்ஸுகள் அல்ல, ஒருவருக்கொருவர் போட்டி போட்டு ஏலம் கேட்டவர்கள்தான் என்று இருவரும் விளக்கினார்கள். ஒரு பிணத்தைப் பெட்டியில் வைக்க வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி 6 பவுண்டு வாங்கியதையும், அதை மாடிப்படியில் இறக்க நான்கு வெள்ளையர்கள் 40 டாலர் வாங்கியதையும் எழுதினார்கள். கொள்ளைநோயில் உண்மையிலேயே காசு பார்த்தது கேரியின் புத்தகம்தான் என்று ஒரு குத்தும் குத்தினார்கள்.

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு நப்பாசை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூன்று ஆட்கள் 70 நாள், இரண்டு ஆட்கள் 63 நாள். தினக்கூலி 22 ஷில்லிங் 6 பென்ஸ். மொத்தம் சரியாக 378 பவுண்டு வருகிறது! பாடை வண்டிச் செலவையும், 70 நாள் தங்கள் குடும்பங்கள் சாப்பிட்ட செலவையும் அவர்கள் இதில் சேர்க்கவே இல்லை.

ஏன் இவ்வளவு கறார்? கறுப்பன் சொல்லை ஊர் நம்பாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் சத்தியம் செய்ததோடு நிற்காமல் ரசீதையும் நீட்டினார்கள். நகர மேயரிடம் ஒரு நற்சான்றிதழும் வாங்கி அதே புத்தகத்தில் சேர்த்தார்கள். அடிமைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் அதில் உண்டு.

அதே 1794 ஜூலையில் ஜோன்ஸின் செயின்ட் தாமஸ் சர்ச்சும் ஆலனின் பெத்தேல் சர்ச்சும் திறக்கப்பட்டன. பெத்தேலின் முதல் கட்டடம், குதிரைகள் கட்டி இழுத்து வந்து நிறுத்திய ஒரு கொல்லன் பட்டறை! அங்கிருந்துதான் 1816-ல் ஆஃப்ரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சர்ச் பிறந்தது. ஆலன் அதன் முதல் பிஷப் ஆனார். மறு வருஷமே, விடுதலை பெற்ற கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து சுமார் 3,000 பேர் பெத்தேலில் கூடினார்கள். 1955-ல் மாண்ட்கோமரி பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தாரே ரோசா பார்க்ஸ், அவரும் இந்தச் சபையைச் சேர்ந்தவர்தான்.

ஜெபத்தில் இருந்தவரைப் பிடித்து எழுப்பியவர்கள், எதை ஆரம்பித்துவைக்கிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். 177 பவுண்டு நஷ்டம் என்று எழுதி, கோடு போட்டு முடித்தவர்களும்தான்.