கரப்பனும் கிணற்றடியும்

யாழ்ப்பாணத்தார் கரப்பன் என வழங்கும் தோல்நோய், மேனாட்டு வைத்தியர் எக்சிமா என்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது. தமிழரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரம் என்னும் வைத்திய நூல் இதனைத் தனி நோயாகவே வகுத்துரைக்கின்றது. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அந்நூலை அச்சேற்றியிராவிடின், ஏடுகளோடு அவ்வறிவும் செல்லுக்கு இரையாகியிருத்தல் கூடும். கரப்பன் கண்டார்க்குப் பரியாரிமார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கினர். இக்குடாநாட்டார்க்கு அஃது எளிய பத்தியமன்று!

மருந்தினும் தோலைப் பேணுதலே முதன்மையாயிருந்தது. சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் முழுக்கு. எண்ணெய் போக்கச் சீயாக்காயும் பயற்றம்மாவும். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நாட்டில் நீராடுமிடம் கிணற்றடியே. அந்நீரோ சுண்ணக்கற் பாறையில் ஊறிய வன்னீர். அதிற் சவர்க்காரம் எளிதில் நுரையாது. நுரைக்கவேண்டி மிகுதியாகத் தேய்ப்பின் தோல் வறளும், கரப்பன் மிகும். எண்ணெய் முழுக்கின் பயன் இங்கேதான் விளங்குகின்றது.

சவர்க்காரம் மலிந்தபின் இவ்வழக்கங்கள் தேய்ந்தன. 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்தது, சவர்க்காரம் கிடைத்தற்கரிதாயிற்று. அப்போது மக்கள் பனம்பழத்தைப் பிசைந்து, அக்களியால் ஆடை வெளுத்தனர். இளையோர் அறியாத அம்முறையை அவர்களுக்குக் கற்பித்தோர் வீட்டு முதியோரே.