துளை சொல்லும் வயது

கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. கோட்டைக்கு ஆவணம் உண்டு. காசுக்கு அதனை வெளியிட்ட மன்னனின் பெயர் உண்டு. ஆனால் தச்சனின் துறப்பணத்துக்கும் கடைசற்காரனின் பட்டறைக்கும் மெய்க்கீர்த்தி பாடியவர் எவருமிலர். ஆதலின், தொழிற்கருவிகளுக்கு வரலாறே இல்லை என்று எண்ணிவிடுவது எளிது. அவ்வெண்ணம் பிழை என்பதை மெய்ப்பிக்கும் சான்று ஒன்று மன்னார்க் கரையிலேயே கிடைத்திருக்கிறது.

மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்கு வரும் வழியில், தீவுக்கு எதிர்க்கரையில் அமைந்திருப்பது மாந்தை. மாதோட்டம் என்று தமிழ் மரபும் மகாதித்த என்று பாளி நூல்களும் போற்றும் பழந்துறைமுகம் அதுவே. திருக்கேதீச்சரத் திருக்கோயில் அமைந்த பதியும் அதுவே. அங்குள்ள மண்மேட்டை 1887ஆம் ஆண்டிலேயே போக் என்னும் அதிகாரி ஆராய்ந்து எழுதினார். பின்னர் 1980 முதல் 1984 வரை ஜான் கார்ஸ்வெல் முதலிய அறிஞர்கள் அங்கு விரிவான அகழ்வு நடத்தினர். சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பகுதியின் மெருகிட்ட மட்கலமும் வெளிவந்த அந்த மண்ணிலே, சின்னஞ்சிறு மணிகளும் கிடைத்தன.

அம்மணிகளைத் துளைத்த கருவி எதுவாக இருக்கும் என்ற வினாவை எழுப்பியவர்கள் தொல்பொருள் துறையைச் சார்ந்தவர்கள் அல்லர் என்பது சுவையான செய்தி. லியோனார்டு கோரலிக், ஜான் குவின்னெட் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவரும் பல் மருத்துவத் துறையினர். பல்லைத் துளைக்கும் கலையை அறிந்தவர்களாதலின், பழம் மணிகளின் துளைகளையும் அந்தக் கண்கொண்டே நோக்கினர். பல்லின் அச்சை எடுக்க மருத்துவர் பயன்படுத்தும் இழைவான சிலிக்கோன் பொருளை மணியின் துளைக்குள் செலுத்தினர். அது இறுகிய பின் வெளியே எடுத்தால், துளையின் உட்சுவர் அப்படியே புறத்தே அச்சாகிவிடும். அவ்வச்சை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தனர்.

மணலையோ குருந்தப் பொடியையோ இட்டுச் செப்புக் கம்பியால் தேய்த்துத் துளைத்த மணிக்கும், வைரம் பதித்த முனையால் துளைத்த மணிக்கும் உட்சுவரின் கீறல்கள் வேறுபடும். குஜராத்தின் காம்பே நகரில் இன்றளவும் வில்லால் சுழற்றப்படும் வைரமுனைத் துறப்பணத்தைக் கொண்டே கல்மணிகளைத் துளைக்கின்றனர். அம்மணிகளின் துளைகளில் வளையம் வளையமாகச் சீரான வரிகள் விழுகின்றன. இவ்வகை ஒப்பீட்டின் துணையால், கி.பி. 700க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்திலேயே இலங்கையில் வைரமுனைத் துறப்பணம் வழங்கியது என்ற முடிவை அவ்விருவரும் 1986இல் வெளியிட்டனர். கருவி துருப்பிடித்து மறைந்தது. அதை ஏந்திய கையும் மண்ணாயிற்று. அது இட்ட துளை மட்டும் ஆயிரம் ஆண்டு கழித்துச் சாட்சி சொன்னது.

அந்த வில்துறப்பணம் மணிக்கு மட்டும் உரிய கருவியன்று. எகிப்து நாட்டில் கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறை ஓவியத்தில், மணி செய்வோரும் தச்சரும் ஆகிய இரு திறத்தாரும் வில்லால் துறப்பணம் சுழற்றும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. மன்னார்க் கரையிலும் அவ்வாறே. அரிப்பு, கொண்டச்சி முதலிய இடங்களின் முத்துக்குளிப்பைக் குறித்து 1807இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினர், முத்துத் துளைக்கும் பொறியை அளவோடு வருணித்திருக்கிறார். தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்ற ஒரு மரக்கட்டை. அதன் நீளம் ஏறத்தாழ ஆறு அங்குலம், அகலம் நான்கு. அதைத் தாங்க மூன்று கால்கள். மேற்பரப்பிலுள்ள குழிகளில் முத்துக்களைப் பதித்து, இடக்கையால் துறப்பணத்தின் தலையை அழுத்தி, வலக்கையால் வில்லை இழுப்பான் தொழிலாளி. சூட்டால் முத்துக் கெடாதவாறு சிரட்டையிலுள்ள நீரில் சிறுவிரலை நனைத்து இடையிடையே ஈரமாக்குவான்.

முத்து மென்மையானது, உருக்குமுனை போதும். கல்மணி கடினமானது, வைரமுனை வேண்டும். மரத்துக்கு அகன்ற அலகு வேண்டும். வில் ஒன்றே, முனை மட்டுமே மாறுகிறது. ஒரு விசையைக் கொண்டு பல வேலை செய்தல் என்ற கருத்து இயந்திர யுகத்தில் திடீரெனப் பிறந்ததன்று என்பதை இதனால் அறியலாம்.

எனினும் வில்லுக்கு ஒரு குறை உண்டு. அது முன்னும் பின்னுமாகச் சுழலுமே யன்றி, ஒரே திசையில் இடைவிடாது சுழலாது. சக்கரமும் நீராவியும் அக்குறையைப் போக்கின. 1791, 1793 ஆகிய ஆண்டுகளில் சாமுவேல் பெந்தம் மரவேலைப் பொறிகளுக்கு உரிமம் பெற்றார். அடுத்த பத்தாண்டில் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில், பாய்க்கயிறுகளுக்கு வேண்டிய மரக் கப்பிகளைச் செய்யும் பொறித் தொகுதியை மார்க் புரூனல் வகுக்க, ஹென்றி மாட்ஸ்லே செய்து முடித்தார். அங்கே ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு வேலை. பெருந்தளத்துக்கு அது பொருந்தும். சிறு பட்டறைக்குப் பொருந்தாது. ஆகவே அறுத்தல், சீவுதல், துளைத்தல், முளை வெட்டுதல் ஆகிய அனைத்தையும் ஒரே சட்டத்தில் அடக்கிய பல்பணிப் பொறிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றின. 1947இல் கலிபோர்னியாவில் ஹான்ஸ் கோல்ட்ஷ்மித் அமைத்த 'ஷாப்ஸ்மித்' என்னும் பொறி, ஒரே மோட்டாரைக் கொண்டு ஐந்து வேலைகளைச் செய்தது.

இத்தகைய பழம்பொறி ஒன்று பட்டறை மூலையில் பெயர் தெரியாமல் கிடந்தால், அதன் வயதை எவ்வாறு அறிவது? மாந்தை மணிக்குக் கையாண்ட முறையே இதற்கும் வழிகாட்டும். முதலில், பொறி இட்ட தடத்தைப் பார்க்க வேண்டும். இருவர் இழுக்கும் பெரிய வாள் அறுத்த பலகையில் நேரான, ஆனால் ஒழுங்கற்ற கோடுகள் காணப்படும். வட்டவாள் அறுத்ததில் பிறைபோல் வளைந்த கோடுகள் விழும். பட்டைவாள் அறுத்ததில் சீரான நேர்கோடுகள் அமையும். கைச்சீவுளி இழைத்த பரப்பில் காணாத சிற்றலைகள், சுழலும் அலகு சீவிய பரப்பில் குறுக்காக ஓடும்.

அடுத்து, பொறியின் உடலை நோக்க வேண்டும். தோல்வார் ஓடுவதற்கான தட்டைச் சக்கரம் இருப்பின், அது கூரையில் ஓடிய நெடுந்தண்டிலிருந்து விசை பெற்ற காலத்ததாகலாம். மோட்டார் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பின் பிற்காலத்தது. தாங்கிகள் உருக்கி வார்த்த வெள்ளீயக் கலவையாயின் முற்பட்டது. பால்பேரிங் ஆயின் பெரும்பாலும் பிற்பட்டது.

சீவும் அலகைத் தாங்கும் தலையின் வடிவம் இன்னும் தெளிவான சான்று. பழைய தலைகள் சதுரமானவை. சதுரத்துக்கும் மேசைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சிக்கி விரலிழந்த தச்சர் பலர். 1922இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட மரவேலைப் பொறி விதிகள், கையால் மரத்தைத் தள்ளிச் சீவும் பொறிகளுக்கு உருளைத் தலையையே வேண்டின. எனவே சதுரத் தலை என்பது பழமையின் அடையாளம். அஃது அபாயத்தின் அடையாளமும் ஆகும். அத்தகைய பொறியைக் காட்சிக்கு வைக்கலாமே யன்றி வேலைக்கு வைத்தலாகாது.

மூன்றாவதாக எழுத்துச் சான்று. பிரித்தானிய உரிம எண்கள் 1916 முதல் 1,00,001 என்று தொடங்கித் தொடர்ச்சியாக எண்ணப்பட்டன. அத்தகைய எண் தகட்டில் இருப்பின், பொறி 1916க்கு முற்பட்டதன்று. விற்றவர் தகட்டில் 'சிலோன்' என்றிருப்பின், நாடு ஸ்ரீ லங்கா எனப் பெயர் பெற்ற 1972க்கு அது முற்பட்டதாதல் கூடும். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். மோட்டாரை மாற்றியிருப்பார்கள், சக்கரத்தை வேறொரு பொறியிலிருந்து எடுத்துப் பூட்டியிருப்பார்கள். அகழ்வில் ஒரு மண்ணடுக்கின் காலத்தை அதிலுள்ள மிகப் பிந்திய காசு வரையறுப்பது போல, பொறியின் காலத்தையும் அதன் மூல உறுப்புகளுள் மிகப் பிந்தியதே வரையறுக்கும். உரிம ஆண்டோ அதற்கு முன்னைய எல்லையை மட்டுமே காட்டும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. 1914இல் தலைமன்னார் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டு, தனுஷ்கோடியோடு கப்பல் தொடர்பும் ஏற்பட்டது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1984இல் நின்றது. அதே ஆண்டில் மாந்தை அகழ்வும் நின்றது. அதன் முழு அறிக்கை 2013இல்தான் அச்சேறிற்று. 1990 அக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, கையில் எடுத்துச் செல்ல முடிந்தது மிகச் சிறிதே. போரின்போது இருப்புப்பாதையும் பெயர்ந்துபோயிற்று; 2015 மார்ச் 14இல்தான் தலைமன்னாருக்கு மீண்டும் இரயில் வந்தது. பாதையைப் புதிதாக இடலாம். பட்டறையில் எந்தப் பொறி எப்போது வந்தது, யார் ஓட்டினார், எந்தத் தோணிக்குப் பலகை அறுத்தது என்ற செய்தியை அவ்வாறு புதிதாகச் செய்ய இயலாது.

பழைய இரும்புக்கு எடைக்கு எடை விலை உண்டு. தகட்டை உடைத்து நிறுத்துப் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் தகட்டின் எழுத்தைப் படியெடுத்து, அலகின் வடிவத்தைக் குறித்து, அதை ஓட்டிய முதியவரின் வாய்மொழியை எழுதிவைத்தல் அரைநாள் வேலையே. மாந்தையில் கருவி மறைந்து துளை எஞ்சிற்று. இன்றைய பட்டறையிலோ கருவி எஞ்சியிருக்கிறது. அதன் கதையை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். மணியின் துளைக்குள் சிலிக்கோனைச் செலுத்தும் அறிஞருக்காக இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டிய தேவை இங்கில்லை. கேட்டு எழுத வல்ல ஒருவர், அம்முதியவர் உயிரோடிருக்கும்போதே அப்பட்டறைக்குச் சென்றால் போதும்.