கீஸர் எங்கே ஒழுகுது?

கீஸருக்குக் கீழே ஈரம் பார்த்தா நம்ம மக்கள் முதல்ல தேடுவது எம்-சீல். நான் பொட்டி தட்டுறவன், லாக் பார்க்காம கோடுல கை வைக்காதேன்னு பழக்கியிருக்காங்க :-) சுவிட்சை அணைச்சு, எல்லா இடத்தையும் துடைச்சு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுத்தி வைங்க. முதல்ல நனையற பேப்பர்தான் பதில்.

சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்வில் சொட்டினா, அது பெரும்பாலும் ஒழுக்கே இல்லை. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65க்குப் போனா சுமார் 400 மில்லி பெருகும். குழாயில் திரும்பிப் போக வழியில்லேன்னா வால்வு வழியாத்தான் வரணும்.

அந்த வால்வுக்கு வயசு 300க்கு மேல். 1679இல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பையே குழைய வைக்கும் ஒரு பானையை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். நம்ம குக்கரோட கொள்ளுத்தாத்தா. அது வெடிக்காம இருக்க அவர் கண்டுபிடிச்ச வழி, எடையால் மூடிய ஒரு துளை.

1868இல் லண்டன் பெயின்டர் பெஞ்சமின் மாகன், கேஸில் வெந்நீர் போடும் கருவி செய்து, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பேரை வெச்சார்: கீஸர். புகை வெளியேற வழியே வைக்கலை மனுஷன்! நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் 1889இல் பிட்ஸ்பர்க்கில் தானாகவே சூடேறும் டாங்க் வெச்ச ஹீட்டரை வடிவமைச்சார்.

தண்ணீரை அடைச்சு வெச்சு சூடாக்கினா, அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. டாங்க் கிழிஞ்ச நொடியில் அதில் ஒரு பகுதி குப்புனு ஆவியாகும். ஆவியாகும் தண்ணீருக்கு 1,600 மடங்கு இடம் வேணும். 1982 ஜனவரி 19, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம், ஸ்பென்சர் ஊர். ஸ்டார் ஆரம்பப் பள்ளியில் அளவுக்கு மீறிச் சூடேறிய ஹீட்டர் வெடிச்சு 6 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் இறந்தாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

அதனால அந்த வால்வை மட்டும் அடைச்சிடாதீங்க. ஆறின பிறகும் சொட்டிக்கிட்டே இருந்தா, ஒண்ணு லைனில் அழுத்தம் அதிகம், இல்லே வால்வு தேஞ்சிருக்கு. மாத்திடுங்க, மலிவுதான்.

டாங்க் உடம்பிலிருந்தே கசிஞ்சா துரு. உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி முன்னமே கரைஞ்சு தீர்ந்திருக்கும். டாங்குக்குப் பதிலா தான் அரிபடுவதுதான் அதோட வேலை. இந்த வைத்தியம் 1824இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டுக்காகச் சொன்னது. தகடு பிழைச்சுது, ஆனா செம்பு கரையாததால சிப்பியும் பாசியும் ஒட்டி கப்பல் மெதுவாயிடுச்சு. அது தனிப் பதிவு!