கொழுந்தும் பள்ளியும்: மலையகத் தோட்டங்களில் பால்நிலைக் கல்வி ஆய்வின் வளர்ச்சி

கல்வியில் ஆண், பெண் வேறுபாட்டை உளவியல் நெடுங்காலம் ஆற்றலின் வேறுபாடாகவே அணுகிவந்தது. 1974இல் எலினோர் மக்கோபியும் கரோல் ஜாக்லினும் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, மொழித்திறன், கணிதத்திறன், பொருள்களின் வடிவையும் இருப்பையும் மனத்துள் உருவகிக்கும் இடவுணர்திறன், வன்போக்கு ஆகியவற்றைத் தவிர்த்த ஏனைய நம்பிக்கைகள் பலவற்றுக்குப் போதிய சான்றில்லை என்றனர். 2005இல் ஜெனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளை மீளாய்ந்து, வேறுபாடுகளுள் 78 சதவீதம் சிறியவை அல்லது புறக்கணிக்கத்தக்கவை எனக் காட்டினார். ஆற்றலின் வேறுபாடு இத்துணைச் சிறிதெனில், இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் பெண்பிள்ளைகள் கல்வியில் பின்தங்கியதற்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

அந்த இடம் தோட்டத்தின் வேலை ஒழுங்கு. விடியலில் பெரட்டு எனும் வருகைப்பதிவுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும் தாய் மாலையில்தான் லயக் குடியிருப்புக்குத் திரும்புவாள். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டம் நடத்தும் குழந்தைக் காப்பகத்தில், விட்டுச் செல்லலாமெனினும், தண்ணீர், விறகு, சமையல், தம்பி தங்கையரைப் பார்த்தல் ஆகியவை மூத்த மகளின் தலையிலேயே விழுந்தன. சற்று வளர்ந்ததும் அவளும் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். கொழுந்து பறிப்புப் பெண்களின் உழைப்பையே நம்பியிருந்ததால், அவளது படிப்பு நீள்வதில் தோட்ட நிர்வாகத்துக்கு எந்த நலனும் இருக்கவில்லை. ஆயினும் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம் அந்த நிர்வாகத்தை நடத்திய துரைமாரிடமே ஒப்படைத்தது. மலையகக் கல்வி வரலாற்றின் மிகக் கொடிய முரண் இதுவே எனலாம். 1945இன் இலவசக் கல்விக்குப் பின்னரும் தோட்டப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்கு வெளியிலேயே கிடந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பிறகே, 1970களின் பிற்பகுதியில், அப்பள்ளிகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது.

இந்த நிலையை ஆய்வுப்பொருளாக்கியோருள் உளவியலாளரைவிடக் கல்வியியலாளரே முன்னின்றனர். அவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் ஸ்வர்ணா ஜயவீர. 1984இல் கொழும்பில் உருவான சென்வோர் என்னும் பெண்கள் ஆராய்ச்சி நிலையத்தின் நிறுவுநருள் ஒருவரான அவர், பெண் கல்வியில் இலங்கை கண்ட உயர்வை மறுக்காமலே, தேசியச் சராசரி எதை மறைக்கிறது என்று தொடர்ந்து கேட்டார். 1981ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் 91.1 சதவீதமும் பெண்களில் 83.2 சதவீதமும் எழுத்தறிவு பெற்றிருந்தனர். தெற்காசியாவில் பெருமைக்குரிய இவ்வெண்களை நகரம், கிராமம், தோட்டம் எனத் துறைவாரியாகப் பிரித்தால், தோட்டப் பெண்கள் அந்தப் பெருமைக்கு வெளியே நின்றது தெரியவரும். பள்ளிச் சேர்க்கையில் சமநிலை எய்திய இடங்களிலும் பெண்கள் தையல், தட்டெழுத்து போன்ற பயிற்சிகளுக்கும் ஆண்கள் தொழில்நுட்பத்துக்கும் திருப்பப்படும் பால்நிலைவழித் துறைப்பிரிப்பை அவர் விடாமல் சுட்டினார். படிப்பு உயர்ந்தும் பெண்களின் வேலையின்மை ஆண்களினதைவிட மிகுந்தே இருந்தது என்பதும் அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் வாதமாகும்.

தோட்டத்தை நோக்கிய பார்வையை வேறு இருவர் ஆழப்படுத்தினர். சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1982இல் வெளியிட்ட நூலில் ரேச்சல் குரியன், மனைவியின் சம்பளத்தைக் கணவன் பெற்றுக்கொள்ளும் வழக்கம் உள்ளிட்ட தோட்ட ஆணாதிக்க அமைப்பை ஆராய்ந்தார். ஆண், பெண் நாட்சம்பளம் சமமானதே 1984இல்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1999இல் வெளியான ஆஞ்செலா லிட்டிலின் நூலோ தோட்டக் கல்வியை அரசியற் பொருளாதாரத்தோடு பிணைத்து விளக்கியது. கல்வி வளர்ச்சியை ஆசிரியரின் ஊக்கத்தாலோ பெற்றோரின் அக்கறையாலோ மட்டும் விளக்காமல், குடியுரிமை, தொழிற்சங்க அரசியல், வெளிநாட்டு நிதி ஆகியவற்றையும் சேர்த்துக் கண்ட அந்த அணுகுமுறை, 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் உதவியுடன் நடந்த தோட்டப் பள்ளி மேம்பாட்டையும், கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்ததையும் ஒரே வரலாறாகப் படிக்க இடந்தருகிறது. அக்கல்லூரியில் பயின்ற மலையகப் பெண்கள் தோட்டப் பள்ளிகளில் ஆசிரியைகளானபோது, கொழுந்தல்லாத ஒரு தொழிலில் தம்மைப் போன்ற பெண்களைச் சிறுமியர் அன்றாடம் கண்டனர். எனினும் பள்ளியை இடையில் விட்ட பெண்கள் பலருக்குக் கொழும்பின் வீட்டுவேலையும் ஆடைத் தொழிற்சாலைகளுமே எஞ்சின. சேர்க்கை விகிதத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகளில் இந்தப் பெண்கள் இடம்பெறுவதில்லை.